அடிப்பதற்கு முன் தள்ளிப் பாருங்கள்

‘இன்டு த ப்ரீச்’ ஆட்டத்தில் முதலில் கைக்கு வரும் அணி ரிஃப்ட் வாக்கர்ஸ். அதில் மூன்று மெக், அதாவது பைலட் ஓட்டும் போர் இயந்திரங்கள். காம்பாட் மெக்கின் குத்து 2 புள்ளி சேதம் தரும். கேனன் மெக்கின் குண்டும் ஆர்ட்டிலரி மெக்கின் குண்டும் ஆளுக்கு 1. மூன்றும் குறி பிசகாமல் அடித்தாலும் ஒரு சுற்றில் உங்கள் ஆயுதங்கள் தரக்கூடிய நேரடிச் சேதம் 4தான். எதிரே பூமியைப் பிளந்துகொண்டு வரும் வெக் பூச்சிகளைப் பாருங்கள். சாதாரண ஃபயர்ஃப்ளைக்கு உயிர்ப்புள்ளி 3, ஸ்கார்ப்பியனுக்கு 3, ஹார்னெட்டுக்கு 2. மூன்றும் சேர்ந்து வந்தால் 8. கொன்று தீர்ப்பதுதான் வழி என்றால் முதல் களத்திலேயே கணக்கு இடிக்கிறது. கையில் இருப்பதைப்போல இரு மடங்கு தேவைப்படுகிறது. பின்னால் இவற்றின் வலுவான ஆல்ஃபா வகைகள் வரும்போது இடைவெளி இன்னும் விரியும். இவ்வளவு சிறிய ஆட்டத்தில் இப்படியொரு பற்றாக்குறை கவனக்குறைவால் வந்திருக்காது. இது வேறு ஏதோ ஒன்றைக் கேட்கும் ஆட்டம் என்பதற்கு அந்தக் கணக்கே முதல் சாட்சி. அது கேட்பது இடம். எதிரி எவ்வளவு அடி வாங்கினான் என்பதைவிட, அவன் எந்தக் கட்டத்தில் நின்று எந்தக் கட்டத்தை அடிக்கிறான் என்பதே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒன்றைத்தான் வாதிடப் போகிறது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில அடிப்படைகள். சப்செட் கேம்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் ஜஸ்டின் மாவும் மேத்யூ டேவிஸும் 2012இல் ‘எஃப்டிஎல்’ ஆட்டத்தை வெளியிட்டவர்கள். அடுத்து அவர்கள் கொண்டுவந்தது இது. 2018 பிப்ரவரியில் கணினிக்கு வந்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு. 2022 ஜூலையில் விரிவாக்கப்பட்ட பதிப்பு வெளியானபோது நெட்ஃபிளிக்ஸ் வழியாகக் கைபேசிக்கும் வந்தது. ஆட்டம் தீவு தீவாக நடக்கும், ஒவ்வொரு தீவிலும் பல களங்கள். ஒரு களம் 8க்கு 8 கட்டம், சதுரங்கப் பலகை அளவுதான். பெரும்பாலான களங்கள் ஐந்து சுற்றுக்குள் முடிந்துவிடும். நேரம் ஆனதும் வெக் தாமாகவே பூமிக்குள் பின்வாங்கும். ஒவ்வொரு சுற்றிலும் வெக் முதலில் நகரும், எதை அடிக்கப்போகிறது என்று அறிவிக்கும், ஆனால் அடிக்காது. பிறகு உங்கள் மூன்று மெக்கும் ஆளுக்கொரு முறை நகர்ந்து ஒரு செயல் செய்யலாம். அதன்பிறகே அறிவித்த தாக்குதல்கள் வரிசையாக நடக்கும். நீங்கள் காக்க வேண்டியது களத்தில் நிற்கும் கட்டடங்களை. ஒரு கட்டடம் அடிபட்டால் கிரிட் பவர் குறையும். அது பொதுவாக 5இல் தொடங்கும், 7க்கு மேல் ஏறாது. பூஜ்யத்தைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. மெக்கின் நிலை அப்படியல்ல. களம் முடிந்ததும் அதன் காயமெல்லாம் தானாக ஆறிவிடும்.

கடைசி இரண்டு விதிகளையும் சேர்த்துப் பாருங்கள். கட்டடத்தின் இழப்பு தீவு தீவாகத் தொடரும். மெக்கின் இழப்பு ஐந்து சுற்றோடு மறையும். இரண்டுக்கும் ஒரே மதிப்புக் கொடுத்து ஆடுபவர் பாதி ஆட்டத்தில் கிரிட் தீர்ந்து நிற்பார். மெக்கின் உயிர்ப்புள்ளியைச் செலவுக்கு வைத்திருக்கும் கைப்பணமாக நினைக்க வேண்டும். வேறு வழி இல்லையென்றால் கட்டடத்துக்கு வரும் குண்டின் பாதையில் மெக்கையே கொண்டுபோய் நிறுத்தலாம். ஒரே ஒரு புள்ளியை மட்டும் செலவழிக்கக் கூடாது, கடைசிப் புள்ளியை. அது போனால் உள்ளே இருக்கும் பைலட் இறந்துவிடுவார், திரும்ப வரமாட்டார். மெக் மட்டும் அடுத்த களத்தில் பைலட் இல்லாமல் இயந்திர மூளையோடு எழுந்துவரும்.

இனி ஒரு சுற்றை எடுத்துக்கொள்வோம். மேற்கிலிருந்து கிழக்காக 1 முதல் 8 வரை நிரல், வடக்கிலிருந்து தெற்காக 1 முதல் 8 வரை வரிசை என்று வைத்துக்கொண்டால், ‘2-3’ என்பது இரண்டாம் நிரல், மூன்றாம் வரிசை. ஃபயர்ஃப்ளை 2-3இல் நின்று கிழக்கே குறி வைத்திருக்கிறது. அதன் குண்டு நேர்கோட்டில் போய் முதலில் எதிர்ப்படுவதை அடிக்கும், இங்கே அது 5-3இல் உள்ள கட்டடம். ஸ்கார்ப்பியன் 3-4இல் நின்று தனக்குத் தெற்கே ஒட்டியுள்ள 3-5 கட்டடத்தை அடிக்கப்போகிறது. ஹார்னெட் 5-5இல் நின்று தெற்கே 5-6 கட்டடத்தை. மூன்று பூச்சி, மூன்று கட்டடம். எதுவும் செய்யாவிட்டால் ஒரே சுற்றில் கிரிட்டில் 3 போகும். கொல்லப் போனால் என்ன ஆகும்? காம்பாட் மெக் ஹார்னெட்டை ஒரே குத்தில் முடிக்கும், ஏனென்றால் அதற்கு உயிர்ப்புள்ளி 2. மீதி இரண்டு மெக்கும் ஃபயர்ஃப்ளையை மாறி மாறி அடித்தாலும் 2 புள்ளிதான் குறையும். அது ஒரு புள்ளியோடு உயிரோடிருக்கும். ஸ்கார்ப்பியனைத் தொடவே ஆளில்லை. இந்த ஆட்டத்தில் குற்றுயிராகக் கிடக்கும் பூச்சியும் முழு வேகத்தில்தான் அடிக்கும். ஆக, எல்லா மெக்கையும் செலவழித்த பிறகும் ஒன்றிரண்டு கட்டடம் போகலாம்.

அதே சுற்றை இடத்தால் தீர்த்துப் பாருங்கள். ஆர்ட்டிலரி மெக் 2-7இல் நின்று வடக்கே 2-4ஐக் குறிவைக்கிறது. அந்தக் கட்டத்தில் யாருமே இல்லை! இந்தப் பீரங்கிக் குண்டு விழுந்த கட்டத்துக்குச் சேதம் தரும். அதைச் சுற்றியுள்ள நான்கு கட்டங்களில் இருப்பவற்றை வெளிப்பக்கமாகத் தள்ளும். 2-4க்கு வடக்கே இருந்த ஃபயர்ஃப்ளை 2-2க்குப் போகிறது. கிழக்கே இருந்த ஸ்கார்ப்பியன் 4-4க்குப் போகிறது. அறிவித்த தாக்குதல் பூச்சியோடு சேர்ந்தே நகரும் என்பது இந்த ஆட்டத்தின் உயிர்நாடியான விதி. ஃபயர்ஃப்ளை இன்னும் கிழக்கேதான் சுடும், ஆனால் இரண்டாம் வரிசையில். அந்த வரிசையில் 6-2இல் ஒரு மலை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், குண்டை அது வாங்கிக்கொள்ளும். ஸ்கார்ப்பியன் இன்னும் தெற்கேதான் கொட்டும், ஆனால் 4-5ஐ. அது இப்போது வெற்றுக் கட்டம். அடுத்து கேனன் மெக் 8-5இல் நின்று மேற்கே சுடுகிறது. குண்டு ஹார்னெட்டில் பட்டு 1 சேதம், கூடவே ஒரு கட்டம் மேற்கே தள்ளல். ஹார்னெட் 4-5க்கு வந்து சேர்கிறது, ஸ்கார்ப்பியன் கொட்டப்போகும் அதே கட்டத்துக்கு. ஹார்னெட்டின் தாக்குதலும் அதோடு நகர்ந்து 4-6இல் வெறுமையை அடிக்கும். உங்கள் சுற்று முடிந்ததும் ஸ்கார்ப்பியன் ஹார்னெட்டைக் கொட்டுகிறது. மிஞ்சியிருந்த ஒரு புள்ளியும் போய் ஹார்னெட் சாகிறது. இரண்டே மெக்கால் மூன்று கட்டடமும் தப்பின, ஒரு பூச்சியும் தீர்ந்தது. காம்பாட் மெக் கைக்காசு போல அப்படியே மிச்சம். அடுத்த பூச்சி எழப்போகும் இடத்தைத் தரையில் கொப்பளிக்கும் மண் காட்டிக்கொடுக்கும்; காம்பாட் மெக்கை அதன்மேல் நிறுத்திவிட்டால் 1 புள்ளி காயத்தோடு அந்த வரவும் ஒரு சுற்று தள்ளிப்போகும்.

இரண்டு தீர்வுகளிலும் ஆயுதம் ஒன்றே, மெக்குகளும் அவையே. மாறியது நாம் கேட்ட கேள்வி மட்டும். ‘யாரைக் கொல்லலாம்?’ என்று கேட்டபோது நான்கு புள்ளி சேதத்தை எட்டுப் புள்ளி உயிருக்குப் பங்கிடும் வேலை வந்தது. ‘இந்த மூன்று தாக்குதலும் வேறு எங்கே விழலாம்?’ என்று கேட்டதும் எதிரியின் சேதமும் நம் கணக்கில் சேர்ந்துவிட்டது. எதிரியின் எண்ணிக்கை கூடக்கூட முதல் கேள்வி கடினமாகிறது. இரண்டாவது கேள்விக்கோ ஒவ்வொரு புதுப் பூச்சியும் ஒரு புது ஆயுதம். களம் நெரிசலாகும்போது புதியவர் பதறுவதற்கும் பழகியவர் நிதானிப்பதற்கும் இதுவே காரணம்.

ஆட்டத்தை உருவாக்கியவர்களும் இப்படித்தான் நினைத்தார்கள் என்பதற்கு அணிகளே சான்று. முதல் பதிப்பில் வழக்கமான அணிகள் எட்டு. அவற்றில் ரிஃப்ட் வாக்கர்ஸைத் தவிர்த்த ஏழிலும், முதன்மை ஆயுதத்தால் நேரடிச் சேதமே தராத ஒரு மெக்காவது இருக்கிறது. ரஸ்டிங் ஹல்க்ஸின் பல்ஸ் மெக் தன்னைச் சுற்றியுள்ளவற்றைத் தள்ளும், அவ்வளவுதான். ஜெனித் கார்டின் டிஃபென்ஸ் மெக் எதிரியைத் தன் பக்கம் ஒரு கட்டம் இழுக்கும். பிளிட்ஸ்கிரீக்கின் ஹூக் மெக் கொக்கி போட்டு இழுக்கும். ஸ்டீல் ஜூடோக்காவின் கிராவிட்டி மெக்கும் இழுப்பதற்குத்தான். ஃபிளேம் பெஹிமோத்ஸின் ஸ்வாப் மெக் இடம் மாற்றிக்கொள்ளும். ஃப்ரோசன் டைட்டன்ஸின் ஐஸ் மெக் உறைய வைக்கும். ஹசார்டஸ் மெக்ஸின் நானோ மெக் அமிலம் தெளித்துத் தள்ளும். ஆள்பலமே மூன்று பேராக இருக்கும்போது அதில் ஒருவரை அடிக்கத் தெரியாதவராகக் கொடுப்பது, அடிப்பதே ஆட்டம் என்று நினைத்தவர்கள் செய்யும் காரியம் அல்ல. ஸ்டீல் ஜூடோக்கா இன்னும் ஒரு படி மேலே போகிறது: வெக் ஒன்றையொன்று அடித்தால் சேதம் 1 கூடும் என்ற திறனோடு வருகிறது. எதிரியின் கையால் எதிரியை அடிக்க வைக்கவே செய்த அணி அது. ஃப்ரோசன் டைட்டன்ஸின் ஏஜிஸ் மெக் எதிரியின் தாக்குதல் திசையையே தலைகீழாகத் திருப்பிவிடும். நம் ஊர் ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகள் எந்தப் புலியையும் வெட்டுவதில்லை, நகர இடமில்லாமல் அடைத்தே ஜெயிக்கின்றன. அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிப் பழகியவருக்கு இந்த மெக்குகளின் போக்கு சட்டென்று பிடிபடும்.

மெக் வைத்து ஆடும் மற்ற ஆட்டங்களிலிருந்து வருபவர்களுக்குத்தான் இது கடினம், அதில் அவர்கள் தவறு ஒன்றுமில்லை. அதே 2018இல் ஹேர்பிரெயின்ட் ஸ்கீம்ஸ் வெளியிட்ட ‘பேட்டில்டெக்’கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு சுடலுக்கும் குறி தப்பும் வாய்ப்பு உண்டு. எதிரி அடுத்து யாரைச் சுடுவான் என்று தெரியாது. மெக்கின் கையோ காலோ தனித்தனியாகப் பிய்ந்துபோகும். அதைச் சரிசெய்யக் காசும் நாளும் ஆகும். அங்கே அணி முழுதும் ஒரே மெக்கைக் குறிவைத்து வீழ்த்துவது மிகச் சரியான உத்தி, ஏனென்றால் வீழ்ந்த எதிரியிடமிருந்து மட்டுமே நிச்சயமாகக் குண்டு வராது. அந்த நியாயத்தின் வேர் அறியாமையில் இருக்கிறது: எதிரி என்ன செய்வான் என்று தெரியாததால் அவனையே இல்லாமல் செய்துவிடுகிறோம். இங்கே எல்லாம் முன்கூட்டியே தெரியும். யார், எந்த வரிசையில், எதை, எவ்வளவு அடிப்பார் என்பதைத் திரை மறைப்பதே இல்லை. அறியாமை போனபின் அதற்காக வைத்திருந்த மருந்தை மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

அப்படியானால் கொல்லவே வேண்டாமா என்று கேட்கலாம். இந்த வாதத்துக்கு வரும் வலுவான மறுப்பு இதுதான், அதில் உண்மையும் இருக்கிறது. இன்று தள்ளிவிட்ட பூச்சி நாளையும் அடிக்கும், கொன்றது அடிக்காது. ஐந்து சுற்றிலும் தள்ளிக்கொண்டே இருந்தால் நான்காம் சுற்றில் களத்தில் இடமே இருக்காது. கொன்றால் பைலட்டுக்கு அனுபவமும் சேரும். சில களங்களில் குறிப்பிட்ட எண்ணிக்கையைக் கொல்வதே கூடுதல் இலக்காக வரும். இவ்வளவும் சரி. ஆனால் நான் சொல்வது வரிசையைப் பற்றி. முதலில் கட்டடங்களை நோக்கிய தாக்குதல்களை எல்லாம் திசைதிருப்புங்கள். அதற்குள்ளேயே கொல்லும் வழி கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் மெக்கால் அடியுங்கள். கொல்லும் வழிகளில் பெரும்பாலானவை தள்ளலுக்குள்ளேதான் இருக்கின்றன என்பதும் கவனிக்க வேண்டியது. பறக்காத பூச்சியைத் தண்ணீரில் தள்ளினால் உயிர்ப்புள்ளி எத்தனை இருந்தாலும் மூழ்கிச் சாகும். நான்கு புள்ளி உள்ள பீட்டிலைக் குத்திக் கொல்ல காம்பாட் மெக்குக்கு இரண்டு சுற்று வேண்டும், குளத்தோரம் நிற்கும்போது தள்ளிவிட ஒரு விநாடி. பள்ளமும் அப்படித்தான். ஹார்னெட் போன்று பறப்பவையும், தீவுத் தலைமையகத்தைத் தாக்க வரும் ஹைவ் லீடர் என்ற பெரும்பூச்சிகளும் மட்டும் மூழ்காது. மலையிலோ இன்னொரு பூச்சியிலோ மோதவிட்டால் மோதிய இரண்டுக்கும் 1 சேதம். கவசமுள்ள பூச்சிக்கு ஆயுதச் சேதத்தில் 1 குறையும், மோதல் சேதத்தில் குறையாது. பூச்சி எழப்போகும் கொப்பளிப்பின்மேல் இன்னொரு பூச்சியைத் தள்ளினால், அடியிலிருந்து வருவது தடைபடும், மேலே நிற்பதும் காயப்படும். ஒரு எச்சரிக்கை: கட்டடத்தில் மோதவிட்டால் கட்டடமும் சேதப்படும். அவசரத்தில் தள்ளுபவர்கள் இழக்கும் கிரிட்டில் பெரும்பங்கு இப்படித் தாங்களே இடித்துக்கொள்வது.

இந்த வரிசைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சையான் என்ற மிதக்கும் பூச்சி எந்தக் கட்டடத்தையும் தாக்காது. ‘என் கட்டடத்தை அடிக்காதவனை விட்டுவிடு’ என்ற கணக்கில் அது கண்ணிலேயே படாது. ஆனால் அது உயிரோடு இருக்கும்வரை மற்ற வெக் எல்லாவற்றுக்கும் ஒரு வரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். சோல்ஜர் சையான் எல்லாவற்றின் உயிர்ப்புள்ளியையும் 1 கூட்டும், ஷெல் சையான் கவசம் தரும், பிளட் சையான் காயத்தை ஆற்றும், பிளாஸ்ட் சையான் இருந்தால் செத்த பூச்சி வெடித்துப் பக்கத்தில் உள்ளதையும் சேதப்படுத்தும். பிளாஸ்ட் சையான் உள்ள களத்தில் கட்டடத்தை ஒட்டி நிற்கும் பூச்சியைக் கொல்வது நாமே குண்டு வைப்பதற்குச் சமம். ஆகவே சையானை முதல் இரண்டு சுற்றுக்குள் கொல்லப் பாருங்கள், அதற்காக ஒரு மெக்கை முழுதாக ஒதுக்கினாலும் தகும். இந்த விதிவிலக்கும் முதல் வாதத்தை மறுக்கவில்லை என்றே நினைக்கிறேன். சையானைக் கொல்லக் காரணம் அதன் அடி அல்ல; அது மற்ற எல்லாச் சேதக் கணக்கையும் குலைக்கிறது என்பதுதான்.

இரண்டாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. எல்லாம் தெரிந்த களத்தில் வியூகம் எங்கே இருக்கிறது, இது வெறும் புதிர்தானே என்கிறார்கள். ஒரு சுற்றை மட்டும் தனியாக எடுத்தால் புதிர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே சுற்றுக்கு நான்கைந்து நல்ல விடைகள் இருக்கும்போது எதைத் தேர்வது என்பது அடுத்த சுற்றைப் பற்றிய கேள்வி. அடுத்த சுற்றில் வெக் எங்கே நகரும், எதைக் குறிவைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அங்கேதான் வியூகம் நிற்கிறது. மேலே பார்த்த சுற்றில் மூன்று மெக்கையும் களத்தின் மூலைக்குப் பரப்பி முடித்திருந்தால், அடுத்த சுற்றில் எதிர் மூலையில் எழும் பூச்சியை எட்ட முடியாது. ரிஃப்ட் வாக்கர்ஸின் மூன்று மெக்கும் ஒரு சுற்றில் மூன்று கட்டம்தான் நகரும். எட்டுக் கட்ட அகலத்தில் அது மிகக் குறைவு. எனவே சமமான இரண்டு விடைகள் இருந்தால் மெக்குகளை நடுவில் கொண்டுவந்து விடும் விடையைத் தேர்ந்தெடுங்கள். தீவின் முடிவில் கிடைக்கும், மெக்கை மேம்படுத்த உதவும் ரியாக்டர் கோரையும் இதே கண்ணோடு செலவிடலாம். ஆயுதத்தின் சேதத்தைக் கூட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். நகர்வைக் கூட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் எட்டக்கூடிய கட்டங்கள் பெருகும். எட்ட முடியாத இடத்தில் கூடுதல் சேதத்தால் என்ன பயன்? பைலட்டுகளிலும் எதிரிகளின் ஊடாகவே மெக்கை நடத்தும் ஹென்றி குவான், ஒவ்வொரு களத்திலும் சுற்றை இன்னொரு முறை திருப்பும் வாய்ப்புத் தரும் ஐசக் ஜோன்ஸ் இருவரையும் தொடக்கக்காரர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

அந்தத் திருப்பும் வசதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெக்கை நகர்த்தியபின், ஆயுதத்தைப் பயன்படுத்தாதவரை, நகர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். சுட்டுவிட்டால் முடியாது. ஆனால் ஒவ்வொரு களத்திலும் ஒரு முறை மட்டும் முழுச் சுற்றையும் தொடக்கத்துக்குத் திருப்பலாம். அதை அடுத்த களத்துக்குச் சேமிக்க முடியாது. கடைசிச் சுற்றுவரை பூட்டி வைத்துவிட்டு, இரண்டாம் சுற்றில் ஒரு கட்டடத்தை இழந்து நிற்பதில் லாபமில்லை. தள்ளலின் விளைவு நினைத்தபடி வரவில்லை என்று தெரிந்த கணமே திருப்புங்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கணினியில் ஆல்ட் விசையை அழுத்தினால் தாக்குதல்கள் நடக்கும் வரிசை எண் தெரியும். நெருப்புச் சேதம் எல்லாவற்றுக்கும் முன், அடுத்து அலை, மின்னல் போன்ற களத்தின் இயற்கைச் சீற்றம், பிறகே வெக்கின் தாக்குதல்கள், கடைசியில் புதியவை எழுவது. எரிந்துகொண்டிருக்கும் பூச்சிக்கு ஒரு புள்ளிதான் மிச்சம் என்றால் அது அடிப்பதற்கு முன்பே செத்துவிடும், அதற்கு ஒரு மெக்கை வீணாக்க வேண்டியதில்லை. மேலே பார்த்த சுற்றிலும் ஸ்கார்ப்பியன் ஹார்னெட்டுக்கு முன்னால் அடித்தால் ஹார்னெட்டின் தாக்குதல் நடக்கவே நடக்காது. அங்கே ஹார்னெட்டின் தாக்குதல் ஏற்கெனவே வெற்றுக் கட்டத்துக்குத் திரும்பியிருந்ததால் வரிசை முக்கியமாகவில்லை. ஒரு கட்டடம் அந்த வரிசையை நம்பியிருக்கும் சுற்றுகள் வரும், அப்போது எண்ணைப் பார்க்காமல் சுற்றை முடிப்பது பெரும் ஆபத்து.

மூன்றாவது மறுப்பு ஹார்ட் நிலையில் ஆடுபவர்களுடையது. எவ்வளவு தேடினாலும் எல்லாக் கட்டடத்தையும் காக்கும் விடை இல்லாத சுற்றுகள் வருகின்றன, அங்கே இடம் பற்றிய பேச்சு உதவாது என்கிறார்கள். அத்தகைய சுற்றுகள் வருவது உண்மை. ஆனால் அவற்றில் பல முந்தைய சுற்றில் தொடங்கியவை: ஏதோ ஒரு மெக் தண்ணீரில் நின்றதால் ஆயுதம் வேலை செய்யவில்லை, அல்லது ஸ்கார்ப்பியனின் வலையில் சிக்கி நகர முடியவில்லை. வலையை அறுக்க அந்த ஸ்கார்ப்பியனை ஒரு கட்டம் தள்ளினாலே போதும் என்பதை நினைவில் வையுங்கள். சிக்கிய மெக்கே தன் குத்தால் தள்ளிவிட்டு விடுபடலாம். உண்மையிலேயே விடை இல்லாத சுற்றில் இழப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் மெக்கின் காயத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். மெக்குகள் அதிகம் காயப்படக்கூடாது என்று கூடுதல் இலக்கு இருந்தால், பல களங்களில் அந்த இலக்கையே விட்டுவிடுவதும் நியாயம்தான். கிரிட் 2க்குக் கீழே போய்விட்டால் எந்தப் பரிசும் ஒரு கட்டடத்துக்கு ஈடாகாது. கட்டடம் அடிபட்டாலும் தப்பிக்கும் கிரிட் டிஃபென்ஸ் என்ற வாய்ப்பு தொடக்கத்தில் 15 சதவீதம். ஆட்டத்தில் அதிர்ஷ்டம் உங்கள் பக்கம் நிற்கும் இடம் இதுதான். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஏழில் ஒரு முறைதான் கைகொடுக்கும். ஆனால் இரண்டு கட்டடங்களில் ஒன்றை இழந்தே ஆக வேண்டும் என்றால், கூடுதல் இலக்காக உள்ள கட்டடத்தைக் காத்துவிட்டு மற்றதை அந்த வாய்ப்புக்கு விடுவது சரி.

எத்தனை தீவு ஆடுவது என்பதிலும் இதே கணக்கு வரும். ஆர்க்கைவ், ஆர்.எஸ்.டி., பினாக்கிள், டெட்ரிட்டஸ் என்று நான்கு நிறுவனத் தீவுகள். இரண்டை முடித்ததும் எரிமலைத் தீவின் இறுதிக் களம் திறந்துவிடும். எத்தனை தீவு முடித்துவிட்டுப் போகிறீர்களோ அதற்கேற்ப அங்கே எதிரிகளின் பலமும் கூடும். ஆகவே நான்கையும் முடித்தால்தான் தயார் என்பதில்லை. முதல் வெற்றிக்கு இரண்டு தீவோடு போவது நல்லது, அதிலும் தள்ளிவிடத் தண்ணீர் நிறைய உள்ள களங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்தில் களத்தைத் தொட்டாலே அதன் நிலப்பரப்பு தெரியும். ஆர்.எஸ்.டி.யின் பாலைவனத்தில் தரை சரிந்து பள்ளமாகும் களங்களும் அப்படியே கைகொடுக்கும்.

எரிமலைக்கு அடியில் நடக்கும் கடைசிக் கட்டத்தில் நீங்கள் காக்க வேண்டியது ஒரு வெடிகுண்டை, அது வெடிக்கும் நேரம் வரும்வரை. பூச்சிகள் ஓயாமல் எழுந்துகொண்டே இருக்கும், கொன்று தீர்க்க வழியே இல்லை. அங்கே மெக் மூன்றையும் குண்டிலிருந்து இரண்டு மூன்று கட்டத்துக்குள் வைத்திருங்கள். தூரத்தில் தனியாக நிற்கும் பூச்சியைத் துரத்திப் போகாதீர்கள். குண்டுக்கு நேர்கோட்டில் நிற்கும் ஃபயர்ஃப்ளையைப் பக்கவாட்டில் ஒரு கட்டம் நகர்த்துவதே ஒவ்வொரு சுற்றிலும் முதல் வேலை. அதை முடித்தபின் மிச்சமிருக்கும் மெக்கை எழப்போகும் பூச்சியின் கொப்பளிப்பின்மேல் நிறுத்துங்கள். கடைசிச் சுற்றில் மட்டும் இந்த அடைப்பு வேண்டாம். எழுந்து வருபவை அடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், அந்த மெக்கை வேறொரு தாக்குதலைத் திருப்பப் பயன்படுத்தலாம்.